பிடிவாதம் தளரும் இடைவெளி

பல்லேடியத்தை எவ்வளவு குளிர வைத்தாலும் அது மீக்கடத்தியாக மாறாது. ஈயம் மாறும், தகரம் மாறும், பாதரசம் 1911லேயே மாறிக் காட்டிவிட்டது. வெள்ளிபோலப் பளபளக்கும் இந்த உலோகமோ தன் மின்தடையில் கொஞ்சத்தைக் கடைசிவரை விட்டுக்கொடுக்காது. டெல்லூரியமும் பெரும் அழுத்தம் கொடுத்து நெருக்கினாலொழிய மசியாது. இந்த இரண்டையும் அணுவுக்கு அணு என்ற கணக்கில் சேர்த்து, காற்று நீக்கி மூடிய குவார்ட்ஸ் குழாயில் சூடாக்கி எடுத்தால் ஒரு சேர்மம் கிடைக்கிறது. 4.5 கெல்வினுக்கு, அதாவது பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 268.6 டிகிரி செல்சியசுக்குக் குளிர்ந்ததும், அது மின்தடையை முழுசாக உதறிவிடுகிறது.

டில்லி பூசாவில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் வி.பி.எஸ். அவானாவும் அவருடைய கூட்டாளிகளும் 2015இல் இதை அளந்து எழுதினார்கள். பல்லேடியம் டெல்லூரைடு மீக்கடத்தும் என்பது புதுச் செய்தி அல்ல. பெர்ண்ட் மத்தியாஸ் 1950களிலேயே கண்டது. டில்லிக் கட்டுரையின் சுவை வேறிடத்தில் இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் அமெரிக்கக் குழு இதை 'வலுவாக இணைந்த' எலக்ட்ரான்களைக் கொண்ட மீக்கடத்தி என்று சற்று விசேஷப்படுத்தியிருந்தது. பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் 1957இல் தந்த கோட்பாட்டுக்குள் சாதுவாக அடங்குவதுதான் இது என்றது டில்லிக் குழு. பெரிய பரபரப்பு இல்லாத முடிவு. பரபரப்பு இல்லாத பொருள்களைத்தான் நிதானமாக ரசிக்க முடியும் என்பது என் எண்ணம். 4.5 என்ற எண்ணிலும் ஒரு குறும்பு உண்டு. திரவ ஹீலியம் கொதிப்பது 4.2 கெல்வினில். அதற்கு 0.3 டிகிரி முன்னால், ஹீலியப் பாத்திரத்தின் விளிம்பிலேயே, காரியம் முடிந்துவிடுகிறது.

மறுக்கும் இரண்டு பேர் சேர்ந்து எப்படிச் சம்மதித்தார்கள்? விடை வேதிப்பிணைப்பில் இருக்கிறது. அதுவும் ஆங்ஸ்ட்ராமின் நூறில் சில பங்குகளில். ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடி ஆங்ஸ்ட்ராம் அடங்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்கலாம்.

பித்தளையில் செம்பும் துத்தநாகமும் கூடலாம், குறையலாம். யார் எந்த இடத்தில் உட்காருவது என்ற கண்டிப்பு கிடையாது. உலோகிடைச் சேர்மம் அப்படியல்ல. விகிதமும் நிச்சயம், இருக்கையும் நிச்சயம். (டெல்லூரியம் முழு உலோகமா என்று கறாரானவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். அதன் பளபளப்பைப் பார்த்தால் பாதி சம்மதிப்பார்கள்.) பல்லேடியம் டெல்லூரைடில் ஒவ்வொரு பல்லேடிய அணுவையும் ஆறு டெல்லூரிய அணுக்கள் எண்முகி வடிவில் சூழ்ந்திருக்கின்றன. ஒவ்வொரு டெல்லூரியத்தையும் ஆறு பல்லேடியங்கள் முக்கோணப் பட்டக வடிவில் சூழ்ந்திருக்கின்றன. இரு தரப்புக்கும் அண்டை அயலார் ஆறு பேர்தான். ஆனால் அமர்ந்திருக்கும் ஒழுங்கு வேறு. எண்முகிகள் முகத்தோடு முகம் ஒட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதால், படிகத்தின் நெட்டச்சு முழுதும் பல்லேடியம் நேர்க்கோட்டுச் சங்கிலியாக ஓடுகிறது.

அந்தச் சங்கிலியில் அணுவுக்கும் அணுவுக்கும் உள்ள இடைவெளி 2.84 ஆங்ஸ்ட்ராம். தனிப் பல்லேடிய உலோகத்தில் 2.75. பத்தில் ஒரு ஆங்ஸ்ட்ராமுக்கும் குறைவான விலகல்! கட்டமைப்பைப் பொறுத்தவரை பல்லேடியம் இன்னும் தன் சொந்தக்காரர்களைக் கைக்கெட்டும் தூரத்தில்தான் வைத்திருக்கிறது. இந்த வகைப் படிகத்தில் கோளங்களை நெருக்கமாக அடுக்கினால் உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் 1.63 வர வேண்டும். இங்கே 1.37தான். உச்சியில் கைவைத்து அழுத்தியதுபோல் படிகம் குட்டையாகியிருக்கிறது. அழுத்தியது பல்லேடியங்கள் ஒன்றையொன்று விட மனமில்லாமல் இழுத்துக்கொள்ளும் இழுப்பு. சங்கிலியின் திசையில் உலோகப் பிணைப்பு, பக்கவாட்டில் டெல்லூரியத்தோடு சகப்பிணைப்பு. ஒரே அணு இருவகை உறவையும் ஒரே நேரத்தில் நடத்துகிறது.

இனி பிடிவாதத்துக்கு வருவோம். மீக்கடத்துத்திறனில் எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து நடக்கும். எதிர்மின் கொண்டவை எப்படிச் சேரும் என்ற கேள்விக்கு டில்லிச் சாலையோரத் தாபாவில் கிடக்கும் கயிற்றுக் கட்டில் நல்ல விடை. ஒருவர் உட்கார்ந்தால் கயிறு பள்ளம் விழும். அடுத்து வந்து உட்காருகிறவர் தானாகவே அந்தப் பக்கம் சரிவார். எலக்ட்ரான் கடக்கும்போது நேர்மின் அணுக்கள் அதன் பக்கம் சற்றே இழுபட, அந்தப் பள்ளத்துக்கு இன்னொன்று வருகிறது. ஜோடியில் இரண்டின் சுழற்சியும் எதிரெதிராக இருக்க வேண்டும். காந்தத்தன்மைக்கு வேண்டியதோ எல்லாச் சுழற்சியும் ஒரே திசை. ஆகவே காந்தம் எங்கே எட்டிப் பார்த்தாலும் ஜோடி பிரியும்.

பல்லேடியத்தின் கோளாறு அதுதான். அது காந்தம் இல்லை. ஆனால் காந்தமாகும் விளிம்பில் நிற்கிறது. அதன் 4d எலக்ட்ரான் பட்டை கிட்டத்தட்ட நிரம்பியிருக்கிறது. அணுவுக்கு ஏறத்தாழ 0.36 எலக்ட்ரான் அளவுக்கு மட்டும் மேலே காலியிடம். அந்தச் சின்ன வெற்றிடத்தின் விளிம்பில் எலக்ட்ரான் நிலைகள் நெருக்கியடித்துக் கிடப்பதால், வெளியிலிருந்து ஒரு காந்தப்புலம் தொட்டாலே பல்லேடியம் சாதாரண உலோகம் காட்ட வேண்டியதைவிடப் பத்து மடங்கு அளவுக்குத் துள்ளி எழுகிறது. அந்தத் துள்ளல் எப்போதும் உள்ளே நடந்துகொண்டேயிருப்பதால் ஜோடிகள் சேர முடிவதில்லை.

அந்த 0.36 என்ற எண்ணை அளந்த முறைக்கு டி ஹாஸ்–வான் ஆல்ஃபன் விளைவு என்று பெயர். உலோகத்தின் காந்தத்தன்மை, புலத்தை மாற்ற மாற்ற அலைபோல் ஏறி இறங்கும். அந்த அலைகளை எண்ணினால், மின்சாரத்தைச் சுமக்கும் எலக்ட்ரான் நிலைகளின் விளிம்பு எவ்வளவு பரப்பை வளைக்கிறது என்று தெரியும். இந்தக் கலையைத் தன் வாழ்நாள் வேலையாக வளர்த்தவர் கேம்பிரிட்ஜின் டேவிட் ஷோன்பெர்க். அவர் 1953–54இல் யுனெஸ்கோவின் தாழ்வெப்பநிலை ஆலோசகராக வந்து தங்கியது இதே பூசா ஆய்வகத்தில்தான். அவரை வரவேற்ற இயக்குநர் வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். ஆய்வகத்தின் முன்னால் போகும் சாலைக்கு இன்று அவர் பெயர்.

கிருஷ்ணனை ராமன் விளைவின் துணையாளர் என்ற ஒற்றை வரியில் முடித்துவிடுவது நம் பழக்கம். அது எனக்கு ஒப்பாது. அவருடைய தனி முத்திரை படிகங்களின் திசையுணர்வை அளந்ததில் இருக்கிறது. ஒரு சின்னப் படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அது எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புகிறது என்று பார்ப்பார். இழையின் முறுக்கை வைத்துப் படிகத்துக்குள் அணுக்கள் எப்படி அமர்ந்திருக்கின்றன என்று சொல்லிவிடுவார். 1941இல் கங்குலி என்பவரோடு சேர்ந்து கிராஃபைட்டின் கட்டற்ற எலக்ட்ரான்களைப் பற்றி எழுதினார். தேன்கூட்டு அறைகளாகக் கார்பன் அமைந்த தாள்களுக்குச் செங்குத்தாகப் புலம் வைத்தால் கிராஃபைட் காட்டும் எதிர்ப்பு ஒரு ரகம். தாளின் வாட்டத்தில் வைத்தால் அதில் பல பத்தில் ஒரு பங்குதான். ஒரே பொருள், திசைக்கு ஒரு குணம். பிணைப்பு என்பது எண் மட்டும் அல்ல, திசையும்கூட என்று கண்ணால் காட்டும் சோதனை அது.

பல்லேடியத்துக்குத் திரும்பலாம். டெல்லூரியத்தின் 5p எலக்ட்ரான்கள் பல்லேடியத்தின் 4d எலக்ட்ரான்களோடு கலக்கும்போது பல்லேடியத்தின் பட்டை முழுக்க நிரம்பிக் கீழே இறங்கிவிடுகிறது. மின்சாரத்தைச் சுமக்கும் விளிம்பில் எஞ்சுவது பெரும்பாலும் டெல்லூரியத்தின் சாயல் கொண்ட, இரண்டும் கலந்த எதிர்ப்பிணைப்பு நிலைகள். நெருக்கடி தீர்ந்தது, துள்ளலும் அடங்கியது. பல்லேடியம் தன் இனத்தாரை விட்டு விலகிப் போகவில்லை என்பதுதான் இதில் நயம். 2.84க்கும் 2.75க்கும் என்ன பெரிய வித்தியாசம்? இடம் அப்படியே இருக்க, குணம் மட்டும் மாறிவிட்டது.

இதே படிகத்தில் பல்லேடிய அடுக்குகளை ஒன்று விட்டு ஒன்று உருவிவிட்டால் மிஞ்சுவது பல்லேடியம் டைடெல்லூரைடு. நேர்க்கோட்டுச் சங்கிலி அறுந்துவிடும். டெல்லூரியத் தாள்கள் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்கும். அதுவும் மீக்கடத்தியே, ஆனால் 1.7 கெல்வின் வரை காத்திருக்க வேண்டும். இன்னொரு வேடிக்கை: முழுச் சங்கிலி கொண்ட அண்ணன் இரண்டாம் வகை மீக்கடத்தி, காந்தப்புலத்தை இழை இழையாக உள்ளே விடுவான். தம்பி முதல் வகை, ஒரு எல்லைவரை முழுக்கத் தடுத்துப் பிறகு ஒரேயடியாகச் சரணடைவான். முதல் வகை என்பது ஈயம், தகரம் போன்ற தனிமங்களின் பழக்கம். சேர்மம் ஒன்று அப்படி நடப்பது அபூர்வம்.

தனிம அட்டவணையில் பல்லேடியத்துக்கு நேர் மேலே நிக்கல், நேர் கீழே பிளாட்டினம். (பிளாட்டினமும் பூசாவில் குடியிருக்கிறது, பத்தில் ஒன்பது பங்கு பிளாட்டினம், ஒரு பங்கு இரிடியம் கலந்த 57ஆம் எண் கிலோகிராம் உருளையாக. 2019 மே மாதத்தில் கிலோகிராமின் வரையறையே பிளாங்க் மாறிலிக்கு மாறிவிட்டது. அதன்பின் அந்த உருளை கொஞ்சம் ஓய்வு பெற்ற அதிகாரி மாதிரி.) மூவரில் நிக்கல்தான் முழுமையான முரடன். விளிம்பில் நிற்பதில்லை, தாண்டியே போய்விட்டது. இரும்பைப்போல் அயக்காந்தம். மீக்கடத்தி தேடுகிறவன் காந்தப் பொருள்களின் பக்கம் போகக் கூடாது என்பது மத்தியாஸ் சொல்லிக்கொடுத்த பாடங்களில் ஒன்று. அவர் பாடங்களை மதித்தவர்கள் நியோபியத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்று நியோபியத்துக்கு ஒரு தகரம் சேர்த்த சேர்மம் 1954இல் 18 கெல்வினை எட்டியது. அதிலும் சங்கிலிதான். நியோபிய உலோகத்தில் 2.86 ஆங்ஸ்ட்ராம் இடைவெளி அந்தச் சங்கிலியில் 2.65 ஆகச் சுருங்கியிருக்கும். அந்தக் கதை தனியாக எழுதத் தக்கது.

பாடத்தை மீறியது பம்பாய். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆர். நாகராஜன், எல்.சி. குப்தா, ஆர். விஜயராகவன், சந்தன் மஜும்தார் முதலானோர், ஐ.ஐ.டி. பம்பாயிலும் பிரான்சிலும் இருந்த கூட்டாளிகளுடன், இட்ரியம்–நிக்கல்–போரான் சேர்மங்களைக் காந்தத்துக்காகப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு மாதிரியில் 12 கெல்வின் அருகே மிகச் சிறு பங்கு மட்டும் மீக்கடத்துவதாகத் தெரிந்தது. இப்படிச் சிறு பங்காக வருவதை அசுத்தம் என்று கையை உதறிவிடுவதே ஆய்வக நடைமுறை. இவர்கள் அந்த அசுத்தம் எது என்று தேடினார்கள். கார்பன்! கொஞ்சம் கார்பனை வேண்டுமென்றே சேர்த்ததும் மீக்கடத்துத்திறன் மாதிரியின் உடலெங்கும் பரவியது. 1994 ஜனவரியில் கட்டுரை வெளியானது. அதே மாதம் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ராபர்ட் காவாவின் குழு தெளிவான சேர்மத்தைப் பிரித்துக் காட்டியது: ஒரு இட்ரியம், இரண்டு நிக்கல், இரண்டு போரான், ஒரு கார்பன். மீக்கடத்தும் வெப்பநிலை 15.6 கெல்வின். நிக்கலுக்குப் பதில் பல்லேடியம் வைத்த கலவையில் 23 கெல்வின்வரை போனது. உலோகிடைச் சேர்மங்களில் அதற்கு முன் இருபது ஆண்டுகளாக அசையாமல் நின்ற உச்சத்தை அது தொட்டது.

என் கண் அந்த 23இல் நிற்கவில்லை. நிக்கல் சேர்மத்தின் அளவுகளில்தான் நிற்கிறது. இந்தப் படிகத்தில் நிக்கல் அணுக்கள் சதுரக் கட்டமாகப் பரவியிருக்கின்றன. அருகருகே உள்ள இரண்டு நிக்கல்களுக்கு இடையே 2.49 ஆங்ஸ்ட்ராம். நிக்கல் உலோகத்திலும் 2.49தான்! பல்லேடியத்திலாவது ஆங்ஸ்ட்ராமின் நூறில் ஒன்பது பங்கு விலகல் இருந்தது. இங்கே அதுவும் இல்லை. கூட்டுக்கட்டத்தின் அகலத்தை ஒப்பிட்டால் 3.526, 3.524, மூன்றாம் தசமத்துக்குப் போனால்தான் வேறுபாடே. பக்கத்துவீட்டுக்காரனின் தூரத்தை மட்டும் அறிந்த நிக்கலுக்குத் தான் உலோகத்தில் இருக்கிறோமா சேர்மத்தில் இருக்கிறோமா என்றே தெரியாது. ஆனால் காந்தம் போய்விட்டது. தூரம் காந்தத்தைத் தீர்மானிக்கும் என்று நினைத்திருந்தால் இங்கே அடி விழும்.

தீர்மானித்தது மேலும் கீழும் வந்து உட்கார்ந்த போரான். ஒவ்வொரு நிக்கலையும் நான்கு போரான்கள் நான்முகியாகப் பற்றிக்கொள்கின்றன, 2.1 ஆங்ஸ்ட்ராம் தூரத்தில். அந்தப் பிடியில் நிக்கலின் 3d பட்டை அகலமாகிப் போரானின் நிலைகளோடு கரைகிறது. காந்தத்துக்கு வேண்டிய நெரிசல் குலைகிறது. போரானின் மறுகை கார்பனிடம். போரான்–கார்பன்–போரான் என்று நெட்டுக்குத்தாக நிற்கும் சிறு குச்சிகள்; ஒவ்வொரு பிணைப்பும் 1.5 ஆங்ஸ்ட்ராம். வைரத்தில் கார்பனுக்கும் கார்பனுக்கும் 1.54 என்பதை வைத்துப் பார்த்தால் இந்தக் குச்சியின் இறுக்கம் புரியும். வைரத்தின் உறுதியை உலோகத்தின் நடுவில் செருகியிருக்கிறார்கள். இந்தக் குச்சிகள்தான் ஒரு நிக்கல் தளத்தையும் அடுத்த நிக்கல் தளத்தையும் இணைக்கும் தூண்கள். கார்பன் குடியிருக்கும் தளத்தில் அதற்குத் துணை இட்ரியம். கார்பனை எடுத்துவிட்டால் தூண் சரியும். பம்பாய்க்காரர்கள் கண்ட 'அசுத்தம்' கட்டடத்தின் தூணாக இருந்தது.

படத்தில் பார்த்தால் அடுக்கடுக்காக, அந்தக் காலத்தில் எல்லோரும் துரத்திய தாமிர ஆக்சைடு மீக்கடத்திகளைப் போலவே இருக்கும். 1994இல் பலரும் முதலில் அப்படித்தான் நினைத்தார்கள். எலக்ட்ரான் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது வேறு விடை வந்தது. விளிம்பு நிலைகளில் நிக்கல், போரான், கார்பன், இட்ரியம் நான்கும் பங்கு வைத்திருக்கின்றன. எலக்ட்ரான்கள் தளத்தோடு நின்றுவிடாமல் தூண்கள் வழியே மேலும் கீழும் போய்வருகின்றன. உருவத்தில் அடுக்கு, ஓட்டத்தில் முப்பரிமாணம். வேதிப்பிணைப்பின் ஓவியம் ஒன்று சொல்ல, எலக்ட்ரான் வேறொன்று சொல்லும் இந்த முரணை நான் மிகவும் ரசிக்கிறேன்.

கயிற்றுக் கட்டிலின் கயிறு இங்கே போரான். லேசான அணு, இறுக்கமான பிணைப்பு. ஆகவே வேகமாக அதிரும். போரான்-11க்குப் பதில் அதன் லேசான சகோதரன் போரான்-10ஐ வைத்தால் மீக்கடத்தும் வெப்பநிலை சற்று ஏறுகிறது. ஜோடி சேர்ப்பதில் போரானுக்குப் பங்குண்டு என்பதற்கு அது நேரடிச் சாட்சி. 2001இல் ஜப்பானில் ஜுன் அகிமிட்சு குழு மெக்னீசியம் டைபோரைடை 39 கெல்வினில் மீக்கடத்தக் கண்டபோது போரான் இன்னும் பெரிய வேடத்தில் வந்தது. கிருஷ்ணன் தொங்கவிட்டுப் பார்த்த கிராஃபைட்டின் அதே தேன்கூட்டுத் தாள். கார்பன் இருந்த இடத்தில் போரான். அங்கே தாளின் வாட்டத்தில் உள்ள உறுதியான சகப்பிணைப்பிலேயே எலக்ட்ரான் குறைந்து, பிணைப்பே மின்சாரத்தைச் சுமக்கிறது. 1950களிலிருந்தே அறியப்பட்டு, ஆய்வகத் தட்டுகளில் புட்டியில் கிடந்த பொருள். அது மீக்கடத்தும் என்பதை யாரும் கவனிக்கவில்லை. வெப்பநிலையில் அது போரோகார்பைடுகளை, அதாவது போரானும் கார்பனும் சேர்ந்த அந்தப் பம்பாய் வகைச் சேர்மங்களை, வெகுதூரம் முந்திவிட்டது. நுணுக்கத்தில் முந்தவில்லை என்பேன்.

ஏனென்றால் போரோகார்பைடில் இட்ரியத்தின் இருக்கையை வேறொருவருக்குக் கொடுக்கலாம். லூட்டீசியம் உட்கார்ந்தால் 16.5 கெல்வின். நிக்கல் இடைவெளி 2.45 ஆகிறது, உலோகத்தைவிட நெருக்கம். அப்போதும் நிக்கல் காந்தமாகவில்லை. காந்தத்தன்மை வலுவாக உள்ள அருமண் தனிமங்களையும் உட்கார வைக்கலாம். அவற்றின் காந்தம் 4f எலக்ட்ரான்களில், அணுவின் உட்கூட்டில் ஒதுங்கி இருக்கிறது. பிணைப்பில் கை நனைப்பதில்லை. அதனால் ஒரே படிகத்துக்குள் காந்தமும் மீக்கடத்துத்திறனும் திரைக்கு இருபுறமும் இருப்பதுபோல் வாழ முடிகிறது. எர்பியத்தில் 10.5 கெல்வினில் மீக்கடத்துத்திறன், 6 கெல்வினில் காந்த ஒழுங்கு. இரண்டும் சேர்ந்தே நீடிக்கின்றன. அந்த எர்பியப் படிகத்துக்குள் காந்தப்புலம் இழைகளாக நுழையும்போது அவை வழக்கமான முக்கோண வரிசையில் நிற்காமல் சதுர வரிசையில் நிற்பதை நியூட்ரான் சோதனைகள் காட்டின.

ஹோல்மியம்தான் இவற்றில் உச்சம். 8 கெல்வினில் மீக்கடத்தத் தொடங்குகிறது. 6 கெல்வினுக்குக் கீழே ஹோல்மியத் தளங்களின் காந்தத் திசைகள், தளத்துக்குத் தளம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டே போகும் திருகுப்படிக்கட்டாக அமைகின்றன. அந்தத் திருகு ஜோடிகளுக்குப் பிடிக்கவில்லை. மீக்கடத்துத்திறன் தள்ளாடுகிறது, ஒரு சிறு காந்தப்புலம் வைத்தாலே மறைந்த மின்தடை மீண்டும் தலைகாட்டுகிறது. 5 கெல்வினில் திருகு நின்றுபோய், ஒரு தளம் இப்படி, அடுத்த தளம் அதற்கு நேரெதிராக என்று காந்தங்கள் ஒழுங்காகின்றன. அடுத்தடுத்த தளங்கள் ஒன்றையொன்று ரத்து செய்துவிடுவதால் ஜோடிகள் சமாதானமடைய, மீக்கடத்துத்திறன் திரும்பி வருகிறது. பொதுவாகக் குளிர குளிர மீக்கடத்துத்திறன் வலுவடையும், அவ்வளவுதான். போய்விட்டுத் திரும்பி வருவது வேறு கதை.

ஹோல்மியத்துக்கு முந்தைய டிஸ்ப்ரோசியத்தில் வரிசையே தலைகீழ். காந்த ஒழுங்கு முதலில், 10.5 கெல்வினில், ஏற்கெனவே காந்தம் குடியேறிய வீட்டுக்குள் 6 கெல்வினில் மீக்கடத்துத்திறன் பிறகு வந்து சேர்கிறது. இன்னும் ஓர் இடம் முன்னால் போய் டெர்பியத்தை உட்கார வைத்தால் காந்தம் மட்டுமே மிஞ்சுகிறது. நிக்கல், போரான், கார்பன் எல்லாம் அப்படியே இருக்க, அட்டவணையில் பக்கத்துக் கட்டத்துக்கு ஒரு நகர்வில் இவ்வளவும்.